திருமழிசைக்குப் போகும் வழியில் கை நனைந்த கதை

இந்தப் பயணத்துக்கு இரண்டு காரணங்கள். வெளியில் சொல்லிக்கொண்ட காரணம், இந்த வலைப்பூவுக்காகச் சாப்பாட்டுச் சொற்களைச் சேகரிப்பது. உண்மையான காரணம், என் தம்பி செந்திலின் கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அம்பத்தூரிலிருந்து திருமழிசைக்குக் கிளம்பினேன். மொத்தமே இருபது கிலோமீட்டர் சொச்சம். இதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிப்பவர்கள், ஞாயிறு முற்பகலில் ஆவடி – பூந்தமல்லி சாலையில் பஸ்ஸில் ஒருமுறை போய்விட்டு வந்து சிரிக்கட்டும்.

செந்திலும் திருமழிசைப் பெண் பவித்ராவும் ஒரே ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பெண் வீட்டில் சரி சொல்லிவிட்டார்கள். ஆனால் ‘உங்க வீட்டிலிருந்து யாரும் வந்து கேட்கவே இல்லையே, இந்த மாதத்துக்குள் ஒரு பதில் வராவிட்டால் வேறு இடம் பார்க்கப் போகிறோம்’ என்றும் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே! முட்டுக்கட்டை எங்கள் அம்மா. தென்காசியில் உட்கார்ந்துகொண்டு, மெட்ராஸ்காரங்க பேசுறதே புரியல, அவங்களோட என்ன சம்பந்தம் என்று ஒரே பிடி. கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஒரு படி இறங்கி வந்தாள்.

“சரிட்டி, நீ போய் ஒரு எட்டு பாத்துட்டு வா. காப்பி குடிச்சுக்கோ, பலகாரம் தின்னுக்கோ. கை மட்டும் நனைச்சிராத, ஆமா.”

தெரியாதவர்களுக்காக: கை நனைப்பது என்றால் சோறு சாப்பிடுவது. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி, கேசரி எல்லாம் தட்டுத் தட்டாக உள்ளே தள்ளலாம், ஒன்றும் ஆகாது. இலை போட்டுச் சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு மாறியதே கிடையாது.

முந்தின நாள் செந்தில் போன் செய்தான். “யக்கா, போற வழியில சென்னீர்குப்பத்துல ஹைவே ஓரமா ஒரு மெஸ் இருக்கு. போர்டுல பாயசத்துக்கு ஏதோ பழைய பேரு போட்டிருக்கான். எனக்குப் படிக்கவே வரல. உன் பிளாக்குக்கு ஆகும் பாரு.” இந்த வலைப்பூவை ஒருநாளும் எட்டிப் பார்க்காத பிள்ளை. தன் கல்யாணக் கவலையிலும் அக்காவின் பைத்தியத்தை நினைத்தானே என்று உடனே நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, அரைமணி முன்னதாகப் போய்விடுங்கள். ஆவடியில் இறங்கி, ஸ்டேஷன் வாசல் தள்ளுவண்டியில் டீ வாங்கினேன். பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர் தட்டில் இட்லியோடு நின்றிருந்தார்.

“இன்னா மேடம், டீயோட நிறுத்திக்கினீங்க? நாஷ்டா ஆச்சா?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நான் வீட்டைவிட்டே கிளம்பியிருந்தேன். “அண்ணே, நாஷ்டாங்கிறது பாரசீகத்துலேருந்து உருது வழியா நம்மகிட்ட வந்த வார்த்தை. முதல்ல அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடாத வெறும் வயிறு!”

அவர் தன் தட்டைப் பார்த்தார். “அப்போ நா துன்னுகினு கீறது இன்னாது, பட்டினியா?”

“அப்படியில்லண்ணே, அந்த வெறும் வயித்துக்குக் குடுக்கிறதுக்கும் அதே பேரு ஆயிடுச்சு.”

“இன்னும் ரெண்டு இட்லி வெய்ப்பா,” என்றார் வண்டிக்காரரிடம். “இந்தக்கா பேசப் பேசப் பசி எடுக்குது.”

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. காசுக்குப் பதில் பொறுமையைக் கொடுக்க வேண்டும். பள்ளம், மேடு, மறுபடி பள்ளம். வழியெல்லாம் பிரியாணிக் கடைகள், எல்லாவற்றிலும் குஸ்கா. குஸ்கா என்ற சொல்லுக்கு மூலம் ‘வறண்டது’ என்று பொருள்படும் பாரசீகச் சொல். கறி, குழம்பு எதுவும் சேராத வெறும் சோறு. நம் ஆட்களோ அதை எண்ணெய் மினுங்கத் தட்டில் வாங்கி, “நல்லா சால்னா ஊத்துங்க” என்று கேட்டு முங்க முங்க அடிக்கிறார்கள். அந்த சால்னாவும் உருதுவின் சாலன்தான். பக்கத்து சீட்டு அம்மாவிடம் இதைச் சொல்லத் தொடங்கினேன். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். தூங்கினாரா, நடித்தாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

பன்னிரண்டு மணி வாக்கில் சென்னீர்குப்பத்தில் இறங்கினேன். அப்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. பெண் வீட்டில் எப்படியும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவார்கள். இங்கேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு போனால், இடமே இல்லை என்று மனசாட்சியோடு கையெடுத்துக் கும்பிடலாம். அம்மாவின் சொல்லும் நிற்கும், நமக்கும் ஒரு சொல் கிடைக்கும். என்ன மூளை எனக்கு!

மெஸ் வாசலில் கரும்பலகை. சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது: ‘இன்று ஸ்பெஷல் – திருக்கண்ணமுது’. எனக்குக் கை கால் ஓடவில்லை. கன்னல் என்றால் கரும்பு. திருக்கன்னலமுதுதான் இப்படித் திரிந்தது என்பார்கள். கோயில் மடப்பள்ளியிலும் வைணவர் வீடுகளிலும் தவிர இந்தச் சொல் வேறெங்கும் புழங்காது என்று இதே வலைப்பூவில் அடித்துச் சொல்லியிருந்தேன். இப்போது அது லாரி ஓட்டுநர்கள் சாப்பிடும் ஹைவே மெஸ்ஸில்! போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. “வாம்மா, வா. ஃபேனாண்ட குந்து.”

“அண்ணே, போர்டுல இருக்கிற பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு இன்னாமா தெரியும்? ஒரு தம்பி வந்து எழுதிக் குடுத்துச்சு. ஷோக்கா இருந்துச்சு, உட்டுட்டேன்.”

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அதற்குள் இலை வந்துவிட்டது.

சாம்பார், கத்தரிக்காய்க் காரக்குழம்பு, வாழைக்காய் வறுவல், அப்பளம். நான் கேட்காமலே எல்லாம் இரண்டாம் முறை வந்தது. போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால், “கைய எடும்மா, சூடா ஊத்திரப் போறேன்” என்று மிரட்டினார். எதிரே ஒரு லாரிக்காரருக்கும் அதே மிரட்டல்தான். ஆகவே எனக்குச் சந்தேகம் எழவில்லை. ரசத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி: மிளகு சொல்ல வேண்டியதைச் சொன்னது, தக்காளி வாயை மூடிக்கொண்டு இருந்தது. கடைசியில் திருக்கண்ணமுது, இரண்டு கிண்ணம்.

கை கழுவிவிட்டுச் சாப்பாட்டுக்கு நூற்று இருபது ரூபாயை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சம்பந்தி ஊட்டாண்ட காசு வாங்குனா என் அக்கா என்னை ஊட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டா.”

“எந்த அக்கா?”

“பவித்ராவோட அம்மா. நா ஏகாம்பரம், பொண்ணுக்குத் தாய்மாமன். உன் போட்டோவை மாப்ள அனுப்பிச்சிருந்தாரும்மா.”

என் கையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தாய்மாமன் போட்ட சோறு என்றால் பெண் வீட்டுச் சோறேதான். நான் ஏதாவது சொல்வதற்குள் அவர் போனில் கத்த ஆரம்பித்துவிட்டார்: “யக்கா! கை நனைச்சிட்டாங்கோ!” லாரிக்காரர் எழுந்து நின்று எனக்கு வாழ்த்துச் சொன்னார். விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை, அப்புறம் புதிதாக வந்த ஆள், சாப்பாடு என்பதெல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்கு சென்னீர்குப்பத்தில் விருந்து நான்தான். என்னைத்தான் இலையில் வைத்திருந்தார்கள்.

அங்கிருந்து திருமழிசைக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். தொழிற்பேட்டைக் கூரைகளைத் தாண்டி ஊருக்குள் திரும்பும்வரை எனக்கு ஒரே யோசனை. அம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? சாப்பிட்டுவிட்டு மறுத்த குடும்பம் என்ற பெயர் வரும். பவித்ராவுக்கு அதைவிட அவமானம் கிடையாது. செந்தில் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? இரண்டு கிண்ணம் பாயசத்துக்காகத் தம்பி வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பவித்ரா வீட்டு வாசலிலேயே லட்டு கொடுத்தார்கள். அவள் அப்பா நாற்காலி இழுத்துப் போட்டார். பவித்ரா தண்ணீர் கொண்டுவந்து, “அக்கா, தேங்க்ஸ்” என்றாள். ஆனால் தம்ளரை என்னிடம் கொடுக்க மறந்து, தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் பயம்தான். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அம்மா. பவித்ராவின் அம்மா ஏற்கெனவே தென்காசிக்குப் போன் போட்டு, வாய் நிறைய சம்பந்தியம்மா என்று பேசி முடித்திருந்தார்.

“ஏட்டி, கை நனைச்சியா?”

“நனைச்சேம்மா. தெரியாம.”

“தெரியாம எப்படிட்டி சோறு திங்க? ரெண்டாம் சோறு நீயா கேட்டியா, அவுகளா வச்சாகளா?”

“கேக்க விடலம்மா. எல்லாமே கேக்காமலே ரெண்டு தடவ வச்சாங்க. ரோட்டுல போற லாரிக்காரருக்கும் அப்படித்தான் வச்சாங்க.”

வீடு மொத்தமும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

“கேக்காம வைக்கிற வீடுன்னா பிள்ளைய நம்பி அனுப்பலாம். ஒருத்தர் உப்பத் தின்னுட்டு வேண்டாம்னு சொல்ல நமக்கும் வாய் வராது. வைகாசியில தேதி பாக்கச் சொல்லு. அவுக பேச்ச நான் மெதுவாப் படிச்சுக்கிடுதேன்.”

நான் அழுதேன், பவித்ரா அழுதாள், பின்னாலேயே வந்து சேர்ந்த ஏகாம்பரம் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில், இந்தக் கட்டுரைக்காகக் கரும்பலகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘முது’வின் ‘மு’வுக்கு வாலை இழுத்து, ஒரு சுழி சுழித்து விட்டிருந்தது. அந்தச் சுழியை எனக்குத் தெரியும். செந்தில் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அதற்காகவே அவன் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டியிருக்கிறேன். உடனே போன் போட்டேன்.

“எலேய், படிக்கவே வரலன்னியே, அந்த போர்ட எழுதினது யாருல?”

“யக்கா, தப்பில்லாம எழுதியிருக்கேம்லா? உன் பிளாக்க பாத்துத்தான் எழுதினேன். அதுல எல்லாத்தயும் படிச்சிட்டேன், எந்த வார்த்தைக்கு நீ வண்டியவிட்டுக் குதிப்பேன்னு பாக்கதுக்கு.”

திட்ட வாயெடுத்தேன். சிரிப்புத்தான் வந்தது.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், குடையும் சில்லறையும் கையில் இருக்கட்டும், மெஸ்ஸில் ரசத்தைத் தவறவிடாதீர்கள். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மட்டும் வழியில் எங்கும் இலையில் உட்காராமல், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மற்றபடி கல்யாணம் வைகாசியில், பந்தி ஏகாம்பரம் பொறுப்பு. பந்தி வாசலில் வைக்கும் பலகையைச் செந்தில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன், அந்தச் சுழியோடு.