தண்ணீர் குடித்த லைஃப் ஜாக்கெட்

எங்கள் தீவில் லைஃப் ஜாக்கெட்டை யாரும் மாட்டுவதில்லை. படகில் தலைக்கு வைத்துப் படுப்போம். அதனால் அது மிதக்குமா என்று எவனுக்கும் தெரியாது.

அன்று படகில் திரும்பும்போது, கரையில் அதிகாரிகள் சோதனை செய்கிறார்கள் என்று போன் வந்தது. அவசரமாக மாட்டினேன். இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். தூக்கிவிட வேண்டிய ஜாக்கெட், தண்ணீரைக் குடித்துக் கனத்து என்னைக் கீழே இழுத்தது. அலறினேன். அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தேன். போதாதென்று ஏர்வாடி தர்காவுக்கும் ஒரு சேவல் நேர்ந்தேன்.

படகின் மேலேயிருந்து என் மச்சான் கத்தினான்: "மச்சான், எந்திரிச்சு நில்லு! இடுப்பளவு தண்ணிதான்."

நின்றேன். ஊரே சிரித்தது.

ஜாக்கெட்டைக் கத்தியால் கிழித்ததும் மச்சானின் சிரிப்பு நின்றது. உள்ளே மெத்தைக்கு வைக்கிற ஸ்பாஞ்சு. அவன் படகில் இருந்த ஐந்து ஜாக்கெட்டும் நான் வாங்கிய அதே கடையில் வாங்கியவை. மறுநாள் அவன் ஆழ்கடலுக்குப் போகவேண்டும்.

ஈரத்தோடு ராமநாதபுரம் போனோம். கடைக்காரர் கையை விரித்தார். "நான் விக்கிறவன்ணே, செய்றவன் இல்ல. கம்பெனியக் கேளுங்க."

போனில் கம்பெனி ஆள் கேட்டான்: "சார், உப்புத் தண்ணில யூஸ் பண்ணீங்களா?"

"இல்ல தம்பி, மோர்க்குழம்புல விழுந்துட்டேன்."

"தலைக்கு வச்சுப் படுத்தீங்களா?"

மடையன் நான், ஆமாம் என்றேன். "அப்ப உங்க தப்பு சார்" என்று வைத்துவிட்டான். என் தலை கனம் பட்டதும் உள்ளே இருந்த மிதவை ஸ்பாஞ்சாக மாறிவிட்டதாம்!

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதீங்க. உங்களுக்கு வேற ஒண்ணு தாரேன்." பின்னாலிருந்த அடுக்கிலிருந்து உருவினார். அதைப் பிடுங்கி, வாசலில் இருந்த வாளித் தண்ணீரில் அமுக்கினேன். கையை எடுத்த பிறகும் அது மேலே வரவில்லை.

"எனக்கு மாத்திக் குடுத்துட்டு, மிச்சத்த யாரு தலையில கட்டுவீங்க?"

கடைக்காரர் அதை வாளியிலிருந்து எடுத்துத் துடைத்து, மறுபடி அடுக்கிலேயே வைத்தார். பயத்தில் அலறியதற்கு எனக்கு வெட்கம் உண்டு. தெரிந்தே விற்கிறவருக்கு அதுகூட இல்லை.

நுகர்வோர் கோர்ட்டில் கம்பெனி, கடைக்காரர் இருவர் மீதும் வழக்குப் போட்டேன். "என்னைய எதுக்குண்ணே சேக்குறீங்க?" என்று கடைக்காரர் போனில் அழுதார்.

"அந்த அடுக்கு இன்னும் உங்க கடையிலதான இருக்கு?" என்றேன்.

மச்சானின் ஐந்தும் இப்போது சாட்சியாக என் வீட்டில் கிடக்கின்றன. அவன் இடுப்பில் காலி கேன் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறான். கேன் மிதக்கிறது.

"ஆனா தலைக்கு வச்சுப் படுக்க ஏலல மச்சான்" என்கிறான். "கேஸ சீக்கிரம் முடி."