மேலே பின் பண்ணியிருக்கு, படிங்க!

ஆன்லைன் குழுவுக்கு அட்மினாக இருப்பது சம்பளமில்லாத வாட்ச்மேன் வேலை. உங்களில் யாராவது அந்த வேலை பார்த்தால் என் புலம்பல் சொல்லாமலே புரியும். புரோகிராமிங் கற்றுக்கொள்கிறவர்களுக்கான குழு ஒன்றைக் காட்டுப்பாக்கத்திலிருந்து நானும், அம்பத்தூரிலிருந்து என் நண்பன் தாமுவும் மேய்க்கிறோம்.

வணக்கம்

புதிதாக வருகிறவர்கள் "வணக்கம், ஒரு டவுட் கேக்கலாமா?" என்று போட்டுவிட்டு, நாங்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கக் காத்திருப்பார்கள். ஒருவர் காலையில் வணக்கம் போட்டார். சாயங்காலம் வரை வேறு பேச்சே இல்லை. கேட்டுத்தான் தொலையுங்களேன் என்று நானே எழுதினேன்.

"இல்ல சார், நீங்க பிஸியா இருப்பீங்கன்னு வெயிட் பண்ணேன்."

சாம்பார் சாதம்

ஸ்கிரீன்ஷாட் கேட்டால் மானிட்டரை போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். ஆவடிப் பையன் ஒருவன் அனுப்பிய படத்தில் பாதி எரர், பாதி சாம்பார் சாதம். ஸ்கிரீன் மட்டும் வேண்டும் என்றேன். இன்னொரு போட்டோ வந்தது.

"தட்டை எடுத்துட்டேன் அண்ணா, இப்ப தெரியுதா?"

மூன்றாம் தடவை

இதற்கெல்லாம் மருந்தாக நான் ஒரு நீளமான செய்தி எழுதிக் குழுவின் உச்சியில் பின் பண்ணி வைத்தேன். எப்படிக் கேட்பது, எந்த லிங்க்கில் போய் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்வது என எல்லாமே அதில் இருந்தது. அப்புறம் யார் எதைக் கேட்டாலும் பழைய ஆட்கள் அத்தனை பேரிடமிருந்தும் ஒரே பதில்தான்: படிங்க.

முத்தாபுதுப்பேட்டை எழிலரசி அப்போதுதான் சேர்ந்தார். குழந்தைக்காக வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. இப்போது ஒரு கம்பெனி டெஸ்ட் கொடுத்து, திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. "இன்ஸ்டால் பண்றதுல ஒரு சந்தேகம்" என்று வெள்ளிக்கிழமை ஆரம்பித்தார். படிங்க என்றோம். சனிக்கிழமையும் அதே கதை. ஞாயிறு காலை மறுபடி கேட்டதும் தாமு கொதித்துவிட்டான். "இன்னாம்மா, எத்தினி தபா சொல்றது? மேல பின் பண்ணிகீதுல்ல, அத்தப் படிச்சிகினு வா!" அதற்கு நானும் ஒரு லைக் போட்டேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"மூணு தடவ படிச்சிட்டேன் சார். அதுல இன்ஸ்டால் லிங்க்கே தெறக்கல. அதத்தான் கேக்க வந்தேன்."

திங்கட்கிழமைக்கு முன்

தட்டிப் பார்த்தேன். லிங்க் எப்போதோ செத்துப்போயிருந்தது. உடனே தாமு போன் செய்தான். "மாமே, அத்த நீ ஒருவாட்டியாச்சும் தொறந்து பாத்தியா?" நான் புது லிங்க்கைத் தேட ஆரம்பித்தேன். அன்று முழுக்க இருவரும் வீடியோ காலில் எழிலரசியோடு உட்கார்ந்தோம். புரோகிராம் ஓடியது, டெஸ்ட் போய்ச் சேர்ந்தது, வேலையும் கிடைத்தது.

வாய்விட்டு மன்னிப்புக் கேட்டு, அவரையும் அட்மின் ஆக்கினோம். போன வாரம் ஒருவர் வெறும் வணக்கம் போட்டார். தாமு வாயைத் திறப்பதற்குள் எழிலரசி பதில் போட்டுவிட்டார்.

"வாங்க, தைரியமா கேளுங்க. லிங்க் எல்லாம் தெறக்குதான்னு காலையிலயே பாத்துட்டேன்."

நான் எழுதிய அந்தச் செய்தியை முழுசாகப் படித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். நானும் தாமுவும் சீக்கிரம் படித்துவிடுவதாக இருக்கிறோம்.