அடையாறில் ஒரு காதுப் பரிசோதனை

எனக்கு ஆறு வருடமாக ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பெல்லாம் வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. இந்த வருடம் காதுக்குள் ரீங்காரமும் சேர்ந்துகொண்டது. நிருபர் வேலை, கூட்டங்களில் பேசுவது பாதி பிடிபடவில்லை. காது மந்தம் என்றால் மேசை வேலைக்கு மாறிவிட வேண்டும் என்று செய்தி ஆசிரியர் சொல்லிவிட்டார். அதனால்தான் போன வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அடையாறில் பரிசோதனைக்கு நேரம் வாங்கினேன்.

மயிலாப்பூர் லஸ் முனையில் மெட்ரோ வேலை. துளைக்கிற சத்தம் பல்லில் இறங்கியது. ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஆரன் அடிக்காமல் போகச் சொன்னேன்.

"இன்னாம்மா, ஆரன் இல்லாம மந்தைவெளி தாண்ட முடியுமா?"

இறக்கிவிடும்போது ஆட்டோக்காரரே கணக்கும் சொன்னார்: "ரெண்டே தபாதான் அடிச்சேன், பாத்தியா?"

சிறிய அறை, கனத்த கதவு. சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். முடிந்ததும் பரிசோதித்த பெண் யோசனையாகப் பார்த்தார்.

"குறைபாடு நிறைய காட்டுது மேடம். ஆனா நான் மெதுவா பேசினாலும் சரியா பதில் சொல்றீங்க. எப்போ அமுக்கினீங்க?"

"ஒரு தடவை கேட்டா ரீங்காரமோன்னு சந்தேகம். மறுபடி கேட்டாத்தான் அமுக்கினேன். எங்க பத்திரிகை வேலையில உறுதியாகாம எதையும் எழுத மாட்டோம்."

"இங்க யாரும் மறுப்பு அனுப்ப மாட்டாங்க மேடம். லேசா கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்குங்க."

மறுபடி அரை மணி நேரம். முதுகு விட்டுப்போனது. கேட்கும் திறன் சரியாகவே இருந்தது. ஆனால் சத்தத்தை ஏற்றியபோது, மற்றவர்கள் சாதாரணமாகத் தாங்கும் அளவிலேயே போதும் என்று கையைத் தூக்கிவிட்டேன். இந்த நோயில் பலருக்கும் இப்படி உண்டாம்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து செய்தி ஆசிரியரை அழைத்தேன்.

"காது நல்லா கேக்குது சார்."

"அப்பாடா! நாளைக்கு அந்தக் குடிநீர்க் கூட்டத்துக்குப் போயிடுங்க."

"கூட்டம் முடியாது சார். சத்தம்தான் தாங்கல. ஆளுங்களைத் தனித்தனியா பார்த்து எழுதறேன்."

"திங்கக்கிழமை வாங்க, பார்ப்போம்."

இதே நோயோடு போகிறவர்களுக்கு: காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். நெரிசலும் ஆரன் சத்தமும் மிகுந்த தி. நகர் வழியாக வராதீர்கள். ரீங்காரம் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். சத்தம் தாங்கும் அளவையும் பார்க்கச் சொல்லி, முடிவை எழுதி வாங்குங்கள். வெறும் 'நார்மல்' என்ற தாளை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் எதையும் விளக்க முடியாது.

சத்தம் தாங்கும் அளவை எழுதி வாங்கிய தாளைத் திங்கட்கிழமை காட்டியபின், இந்த வாரம் எனக்கு ஒரே ஒரு பேட்டி. சைதாப்பேட்டையில், ஒருவர் வீட்டில். போனதும் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல வேண்டும். இந்த வெயிலில் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.