சரோஜினிக்கு ஒதுக்கிய பித்தப்பைக் கல்

மாடம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்துக் காலனியில் சரோஜினியைத் தெரியாதவர்கள் கிடையாது. தாம்பரத்தில் ஒரு தபால் அலுவலகக் கவுன்ட்டரில் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் எதையும் சொல்லக்கூடியவள். "லிங்க் இல்ல சார்" என்று அவள் சொன்னால், லிங்க் உண்மையிலேயே இல்லையா, இல்லை அவளுக்கு டீ குடிக்கும் நேரமா என்று இன்றுவரை ஒருவராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. கணவர் லாசரஸ் அவளுக்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர். வழவழப்பான தாளில் அச்சடித்து எதைக் கொடுத்தாலும் நம்பிவிடுவார்.

இவர்களுடைய ஒரே மகள் ஜெரூஷா இரண்டாம் முறை நீட் எழுதியும், அரசுக் கல்லூரிக்குப் பதினோரு மதிப்பெண் குறைந்துவிட்டது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் மட்டும் கிடைக்கலாம் என்ற நிலை. அதிலும் வீட்டை அடகு வைக்காமல் படிக்க வைக்கக்கூடிய கல்லூரிகள் இரண்டே இரண்டுதான் தேறின. ஒன்று, ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பி அரை மணி போனால் வரும் புதுக் கல்லூரி. இன்னொன்று, ரயிலில் தெற்கே ஏழு மணி நேரம் போனால் வரும் பழைய அறக்கட்டளைக் கல்லூரி. அங்கே கட்டணம் குறைவு, ஆனால் விடுதிச் செலவு உண்டு. இங்கே கட்டணம் கூடுதல், ஆனால் வீட்டுச் சாப்பாடு. கூட்டிக் கழித்தால் எல்லாம் ஒன்றுதான். கலந்தாய்வுக்கு இணையத்தில் எந்தக் கல்லூரியை முதலாவதாகப் போடுவது என்று முடிவு செய்ய ஐந்து நாள் இருந்தது.

லாசரஸ் அப்போதே முடிவு செய்துவிட்டார். புதுக் கல்லூரியின் கையேட்டை இரண்டு நாளாகக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

"அறுநூற்று ஐம்பது படுக்கை, சரோ. பளிங்குத் தரை. புள்ள காலையில இட்லி சாப்பிட்டுட்டுப் போய் சாயந்தரம் வந்துடும். வேற என்ன வேணும்?"

"படுக்கை இருக்கு சரி. படுக்க ஆள் இருக்கா?"

"போட்டிருக்கானே, தொண்ணூறு சதவீதம் நிரம்பியிருக்குன்னு!"

அந்தச் சமயத்தில்தான் வீட்டு வேலைக்கு வரும் தபீதாள் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுத் தலையைச் சொறிந்தபடி வந்து நின்றாள்.

"அக்கா, நாளிக்கு நா வரமாட்டேன். ஆஸ்பத்திரில படுக்கப் போறேன்."

"ஐயோ, உடம்புக்கு என்ன தபீதாள்?"

"ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீது. நல்லா கீறவங்களத்தான் கூப்புடுறாங்கோ. நெஜமா சீக்கு வந்தவன் வந்தா பேஜார்க்கா, வைத்தியம் பாக்கணுமே!"

விசாரித்ததில் விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஒரு மருத்துவக் கல்லூரிக்கு மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். படுக்கைகள் நிரம்பியிருக்க வேண்டும். சேட்டு என்பவன் வேன் வைத்து ஆள் பிடித்துப் போகிறான். ஒரு நாள் படுத்தால் ஐநூறு ரூபாய், காலையில் பொங்கல், மதியம் பிரியாணி. எந்தக் கல்லூரி என்று சரோஜினி கேட்டாள். தபீதாளுக்குப் பெயர் வாயில் நுழையவில்லை. மேஜைமேல் கிடந்த கையேட்டின் அட்டைப் படத்தைப் பார்த்து, "இதோ, இந்த வூடுதாங்க்கா!" என்றாள்.

சரோஜினி ஒரு நிமிடம் யோசித்தாள். அவ்வளவுதான்.

"தபீதாள், வேன்ல இன்னொரு சீட் இருக்குமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

தபீதாள் பதறிவிட்டாள். அங்கே போய் அக்கா ஏதாவது உளறிவைத்தால் தனக்கு மட்டுமில்லை, வேனில் வரும் ஒருத்தருக்கும் கூலி வராது என்றாள். கூலி கைக்கு வரும்வரை எவரிடமும் எதையும் போட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சரோஜினி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை போஸ்ட்மாஸ்டருக்குப் போன் செய்து, "சார், இன்னிக்கு ஆஸ்பத்திரில அட்மிட் ஆகுறேன், லீவு வேணும்" என்றாள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. கணவரிடம், "அந்தக் காலேஜைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றாள்.

"தனியாவா போற?"

"இல்லைங்க, ஒரு வேன் நிறைய ஆளுங்க வர்றாங்க."

"பார்த்தியா! நல்ல காலேஜ்னா கூட்டம் தானா வரும்" என்றார் லாசரஸ்.

கேம்ப் ரோடு முனையில் ஆறரை மணிக்கு வேன் நின்றது. பழைய நைட்டியும் தோளில் துண்டுமாக வந்த சரோஜினியைச் சேட்டு ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாக்கா, டீச்சர் கணக்கா கீறியே. மொதல்ல அந்தக் கண்ணாடியக் கயட்டு."

கழற்றினாள். அதன்பிறகு உலகம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. வண்டலூர் தாண்டியதும் சேட்டு செல்போனைப் பார்த்து வியாதிகளைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தான். ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிற மாதிரிதான். கேட்டதைக் கொடுப்பதில்லை, இருப்பதைக் கொடுப்பது. தபீதாளுக்கு நிமோனியா. முன் சீட்டில் இருந்த சின்னப்பன் என்ற பெரியவருக்கு மூச்சிரைப்பு. அவர் கும்பிடு போட்டார்.

"மகராசனா இருப்பா. போன தபா காலு ஒடிஞ்சிதுன்னு மாவுக்கட்டு போட்டுட்டானுங்கோ. அரிப்புல செத்துட்டேன்."

"அக்கா, ஒனக்குப் பித்தப்பைக் கல்லு" என்றான் சேட்டு. "வயித்தப் புடிச்சிக்கினு மொனகு. போதும்."

கூடுவாஞ்சேரியில் இன்னும் எட்டுப் பேர் ஏறினார்கள். அவர்களில் ஒரு புதுப்பெண், தனக்குக் கொடுத்த மூல வியாதி வேண்டாம் என்று அழுதாள். சேட்டு இரக்கப்பட்டு அதை ஒற்றைத் தலைவலியாக மாற்றிக் கொடுத்தான்.

கையேட்டில் எதுவும் பொய்யில்லை. தரை பளிங்குதான். அறுநூற்று ஐம்பது படுக்கையும் இருந்தன. சரோஜினிக்கு ஒதுக்கிய மெத்தையில் மட்டும் கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. திரும்பிப் படுத்தால் மொறுமொறு என்றது. ஒரு நர்ஸ் வந்து அவள் புறங்கையில் ஊசி இல்லாமல் வெறும் குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு, மேலே ஒரு குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினாள். அது சீல்கூட உடைக்காத பாட்டில். எதிர்க் கட்டிலில் நிமோனியா தபீதாள், பொங்கல் சாப்பிட்ட களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பையன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கட்டில் அருகே வந்தான். சட்டைப் பையில் பிரணவ் என்று பெயர் குத்தியிருந்தது. மூன்றாம் வருட மாணவன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"ஆன்ட்டி, நீங்க வேன்ல வந்தவங்கன்னு தெரியும். தப்பா நினைக்காதீங்க. உங்க வயித்தை ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?"

"எதுக்குப்பா? எனக்குத்தான் கல்லே இல்லையே."

"கல்லு இல்லைன்னாலும் வயிறு இருக்குல்ல ஆன்ட்டி? மூணு மாசமா ஆளே கிடைக்கல. நாங்க ஒருத்தர் வயித்தை ஒருத்தர் தட்டிப் பார்த்துட்டு இருக்கோம்."

சரோஜினிக்குச் சிரிப்பு வந்தது. தன் மகள் வயதுப் பையன். "பாருப்பா, நல்லாப் பாரு" என்றாள். அவன் இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஏதோ அபூர்வப் பொருளைத் தொடுவதுபோல அவள் வயிற்றைத் தொட்டான். அழுத்தினான், தட்டினான், காது கொடுத்துக் கேட்டான். ஆசை அடங்காமல் நாடி பார்த்தான். கடைசியில் ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுவந்து கையில் சுற்றினான்.

ஒருமுறை பார்த்தான். முகம் மாறியது. மறுபடியும் பார்த்தான். அடுத்த கையிலும் பார்த்தான்.

"ஆன்ட்டி, நூத்தி எழுபதுக்கு நூத்திப்பத்து இருக்கு. மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா?"

"மாத்திரையா? எனக்கு ஒரு வியாதியும் கிடையாதே."

"இருக்கு ஆன்ட்டி. நிஜமாவே இருக்கு!" அந்தப் பையன் குரலில் கவலை பாதி, மகிழ்ச்சி பாதி. அவன் கண்ட முதல் உண்மையான நோயாளி அவள்தான்.

ஓடிப்போய் ஒரு பெரிய டாக்டரை அழைத்து வந்தான். அவரும் ஆய்வுக்காக அன்று ஒரு நாள் மட்டும் எங்கிருந்தோ வரவழைக்கப்பட்டவர் என்று பிறகு தெரிந்தது. அவர் சீட்டைப் பார்த்தார், சரோஜினியைப் பார்க்கவில்லை.

"இவங்களுக்கு என்ன போட்டிருக்கு? கல்லுதானே? பி.பி.யெல்லாம் எழுதிக் குழப்பாதே தம்பி. இன்னிக்கு இவங்களுக்குக் கல்லு மட்டும்தான்."

அவர் போய்விட்டார். பிரணவ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இருபத்தோரு வருடக் கவுன்ட்டர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரோஜினியின் முகம் மாறியது. வேனில் ஏறி வந்தது வேடிக்கைக்காகத்தான். இப்போது வேடிக்கை கசந்தது. தன் மகள் இந்தப் பளிங்குத் தரையில் ஐந்து வருடம் நின்றால், இப்படித்தான் தலையைக் குனியக் கற்றுக்கொள்வாள் என்று தோன்றியது.

பதினோரு மணிக்கு ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். வாயைத் திறந்தால் தபீதாளின் ஐநூறு போய்விடும். கண்ணாடி வேறு இல்லை. மங்கலாகத் தெரிந்த ஓர் உருவம் கேட்டது:

"எங்கேம்மா வலிக்குது?"

சரோஜினி முனகியபடி இடது பக்கத்தைத் தொட்டாள். ஆய்வுக்காரருக்குப் பின்னால் நின்ற பிரணவ், முகத்தைச் சுளித்துத் தன் வலது விலாவை அவசரமாகத் தட்டிக் காட்டினான். அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவள் கை வயிற்றின்மேல் மெல்ல ஊர்ந்து வலது பக்கம் போய்ச் சேர்ந்தது.

"அங்க ஆரம்பிச்சு இங்க வந்துடுச்சு சார்."

அவர் தலையை ஆட்டி எதையோ எழுதிக்கொண்டார்.

மாலை வேனில் கூலி கொடுக்கும்போது சேட்டு அவளை வியப்போடு பார்த்தான். "அக்கா, சூப்பரா மொனகுனே! அடுத்த வாரம் பல் காலேஜ் ஒண்ணு கீது. வாயத் தொறந்துக்கினு ஒக்காந்தா போதும். வர்றியா?" அவள் தன் ஐநூறைத் தபீதாள் கையில் திணித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது லாசரஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "சரோ! ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட சர்ச்சுக்குப் போவ?"

"நான் பெருசா எதுவும் பேசலைங்க. படுத்திருந்தேன். வலி எங்கன்னு கேட்டாங்க, வயித்தைக் காட்டினேன். அது என் வயிறுதான்."

ஜெரூஷா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, "பி.பி. எவ்வளவுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அடுத்த நாளே தாயும் மகளும் தாம்பரத்தில் ரயில் ஏறித் தெற்கே போனார்கள். பழைய கல்லூரியின் மருத்துவமனைச் சுவரில் சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. தரையில் பாதி ஓடுகள் உடைந்திருந்தன. ஆனால் மரத்தடி, படிக்கட்டு, நடைவழி என்று எங்கு பார்த்தாலும் ஜனம். சரோஜினி உண்மையான சீட்டு வாங்கி உண்மையான வரிசையில் நின்றாள். மூன்று மணி நேரம். ஒரு கிழவியின் கூடை அவள் காலை இடித்துக்கொண்டே வந்தது. கடைசியில், தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்த ஒரு பயிற்சி டாக்டர்ப் பெண் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தாள்.

"இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க? ஊறுகாய் சாப்பிடுவீங்களா? தினமும்? நல்லா இருக்கு! நெஞ்சைப் படம் எடுத்துட்டு, ரத்தம் குடுத்துட்டு வாங்க. பார்க்காம ஊருக்குப் போனீங்கன்னா அவ்வளவுதான்!"

சுற்றி நின்ற ஆறு மாணவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். சரோஜினி வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"ஜெரூ, மூணு மணி நேரம் நிக்க வெச்சாங்கடி! எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க!"

ஜெரூஷா பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் அந்தக் கல்லூரியை முதலாவதாகப் போட்டாள். புதுக் கல்லூரியின் பெயரை எடுத்தே விட்டாள். இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று லாசரஸ் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கிடைத்துவிட்டது.

சரோஜினி சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தன் கையாலேயே முத்திரை குத்தி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினாள். படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது, முடிந்தால் அவர்களை நோயாளிகள் இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள் என்று கடைசிப் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்தாள். பதில் வரவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் இன்னோர் ஆய்வு நடந்ததாகவும், சேட்டு வேனை விற்கப் பார்ப்பதாகவும் தபீதாள் வந்து சொன்னாள். பல் கல்லூரிக்குக்கூட ஆள் கேட்கவில்லையாம்.

விடுதியில் சேர்க்கும் நாளில் மூவரும் போனார்கள். பக்கெட், மக், மெத்தை, கொசுவலை எல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று. ஜெரூஷா அறைக்குள் போய் யாரோ ஒரு பெண்ணோடு சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். திரும்பும் ரயிலில் சரோஜினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழுப்புரம் வந்தபோது லாசரஸ் கேட்டார்.

"அழறியா சரோ?"

"இல்லைங்க. கண்ணுல தூசி."

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. லாசரஸ் அதையும் நம்பினார்.