பூனை வீட்டுக்கு லில்லி கிடையாது

குனிந்து, வந்தவருடைய கால்சட்டையை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை பார்த்து முடித்த பிறகுதான் மும்புவா நிமிர்ந்து விலை சொல்வாள். பூனை வளர்க்கிறவர்கள் துணியில் எங்காவது ஒரு முடியாவது ஒட்டியிருக்கும். அகப்பட்டுவிட்டால் அதை இரண்டு விரலால் எடுத்து, வந்தவர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டுவாள். "இது என்ன, உங்க தாடியா? லில்லி கிடையாது, போங்க. சிலந்திச் செடி தர்றேன். உங்க வீட்டுப் புலி அதை மென்னாலும் ஒண்ணும் ஆகாது."

நைரோபியில் பெட்ரோல் பங்கை ஒட்டி வரிசையாக உள்ள செடிக்கடைகளில், வந்த வியாபாரத்தை விரட்டுகிற ஒரே கடை இதுதான். லில்லி, மணி பிளாண்ட், கற்றாழை என்று பூனைக்கு ஆகாத செடிகளையெல்லாம் பின்வரிசையில் தள்ளி, சுற்றிலும் முள்கம்பி கட்டி, 'ஜெயில்' என்று பெயரும் வைத்திருக்கிறாள். காலையில் தண்ணீர் ஊற்றும்போது கைதிகளுக்கு அர்ச்சனை நடக்கும். "என்னடி சிரிப்பு, கொலைகாரி? குடிச்சுத் தொலை!" கைதிகளோ கடையிலேயே கொழுகொழுவென்று வளர்ந்து நிற்பார்கள்.

"நீ செடி விக்கிறியா, போலீஸ் வேலை பாக்கிறியா அக்கா?" என்பான் பக்கத்துக் கடை ஒதேரா.

"ரெண்டும்தான். உன் வாயையும் ஒரு நாள் உள்ள தள்ளுறேன், பாரு."

அவளும் ஒரு பூனை வளர்த்தவள்தான். லில்லிப் பூவில் முகத்தை விட்டு, மீசையில் ஒட்டிய மகரந்தத்தை நக்கி, மூன்றே நாளில் அது போய்ச் சேர்ந்தது. விஷம் வைத்தது யார் என்று தெரு முழுக்கச் சண்டை பிடித்து ஓய்ந்த பிறகு, மிருக வைத்தியர் அவள் ஜன்னலில் இருந்த தொட்டியைக் காட்டினார். அந்தத் துக்கமும் வெட்கமும் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

போன வாரம் நல்ல மழை. கதோகோ என்ற கணக்கு வாத்தியார் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக வந்து நின்றார். மும்புவா குனிந்து பார்த்தாள். ரப்பரில் முடி ஏது?

"வீட்ல பூனை இருக்கா சார்?"

"பூனையா? எங்க வீட்டுப் பக்கம் எலிகூட வராதும்மா!"

அவள் சிரித்துவிட்டாள். ஐந்து பூ விரிந்த பெரிய தொட்டியாகப் பார்த்துத் தூக்கிக் கொடுத்தாள். வாத்தியார் கிப்ரோனோவின் வாடகை பைக்கில் ஏறித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். ஒரு காகிதப் பொட்டலத்தை மட்டும் முக்காலியில் மறந்துவிட்டார்.

ஒதேரா ஏரிக்கரை ஊர்க்காரன். தினமும் மத்தியானம் உகாலிக் களிக்கு ஒமேனாக் கருவாடு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. பொட்டலத்தை மோந்ததும் முகம் மலர்ந்தான். பிரித்ததும் சுருங்கிப் போனான்.

"சே! எல்லாம் தூளு, பாதி மணலு. இதை எந்த மனுஷன் திம்பான்? பூனைக்குன்னு கேட்டாத்தான் மார்க்கெட்டுல இந்தக் கழிசலை மடிச்சுத் தருவாங்க."

மும்புவா தலையில் கைவைத்தாள். "எலிகூட வராதுன்னாரே! ஏன் வராதுன்னு கேக்கத் தோணலையே எனக்கு!"

அப்போதுதான் வாத்தியாரை இறக்கிவிட்டுத் திரும்பிய கிப்ரோனோ வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அவள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "வாத்தியாரை விட்ட இடத்துல என்னையும் விடு. பறடா!"

"அந்தப் பூவாளியைக் கீழ வச்சிட்டு வாங்கம்மா!"

"வைக்க ஏதுடா நேரம்?"

மழை விட்டிருந்தது. ஆனால் வண்டி குழியில் விழுந்து எழும்போதெல்லாம் மும்புவாவின் கையிலிருந்து ஒரு தூறல் புறப்பட்டது. மடக்கிய குடையைச் சிலர் மறுபடி விரித்தார்கள். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போன மினிபஸ் பயணி ஒருவர் ஞானஸ்நானம் பெற்று எழுந்தார். நாலாவது மாடிக்கு அவள் ஏறியபோது வாளியில் ஒரு சொட்டும் இல்லை, நெஞ்சில் மூச்சும் இல்லை.

கதவைத் திறந்த வாத்தியாரின் முகம், பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்ட பையனின் முகமானது. அவர் தோளுக்கு மேலே பார்த்தால், மேஜையில் லில்லி. லில்லிக்குள் தலையை விட்டபடி ஒரு செம்பட்டைப் பூனை. அது தலையை வெளியே எடுத்தது. மீசை முழுக்க மஞ்சள் பொடி. இளஞ்சிவப்பு நாக்கு நுனி மெல்ல எட்டிப் பார்த்தது.

மும்புவா மூன்றே தாவலில் கூடத்தைக் கடந்தாள். பூனையின் பிடரியைப் பற்றி, அப்படியே தரையில் உட்கார்ந்து மடியில் இடுக்கிக்கொண்டாள்.

"ரெண்டு மாசம் கழிச்சு இன்னிக்கு என் பொண்டாட்டி ஊர்லருந்து வர்றாம்மா," என்று வாத்தியார் குழறினார். "லில்லின்னா அவளுக்கு உசுரு. உண்மையைச் சொன்னா நீங்க தர மாட்டீங்களே..."

"பூனை யாரோடது?"

"அதுவும் அவ உசுருதான்."

"நல்லா வரவேற்கப் பாத்தீங்க! முதல்ல மிருக டாக்டருக்குப் போன் போடுங்க!"

பூனை சும்மா இருக்குமா? உறுமியது, உதைத்தது, திரும்பி அவளுடைய இடது ஆள்காட்டி விரலை நறுக்கென்று கவ்வியது.

"ஐயோ ரத்தம்! விரலை எடுங்கம்மா!"

"கடிக்கட்டும் சார். என்னைக் கடிக்கிற வரைக்கும் மீசையை நக்காது."

மும்புவா விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தாள். மழையில் நனைந்திருந்த தலைத்துணியை மறுகையால் உருவி, அதன் நுனியால் மீசையை ஒவ்வொரு முடியாக, அடியிலிருந்து நுனி வரை துடைக்கத் தொடங்கினாள்.