எதிர்வீட்டில் யார்?

ஃபெரிஸ் மொரினா எங்கள் ஹின்டர்மாட் கிராமத்துக்கு வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. கூரை போடுகிற வேலை. சுவிட்சர்லாந்தில் கூரை ஏற ஆள் கிடைக்காத காலம் அது. கொசோவோவிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பையன்கள் வந்து இறங்கினார்கள். மற்றவர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இவன் மட்டும் இங்கேயே தங்கி, லும்னியே என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு எதிர்வீட்டுக்குக் குடிவந்தான். எதிர்வீடு என்றால் என் வீட்டுக்கு எதிர்வீடு. நான் ஹெட்விக். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, வாய் மட்டும் இன்னும் போகவில்லை என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஃபெரிஸ் வம்பு தும்புக்குப் போகாதவன். பனி கொட்டினால் முதலில் என் வாசலை வழித்துவிட்டுத்தான் தன் வாசலுக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமை இங்கே சத்தம் போடக்கூடாது; அன்றைக்குச் சுத்தியலையோ புல் வெட்டும் மெஷினையோ தொட மாட்டான். தொட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள்தான். பேரைச் சொல்லியே கூப்பிடு, வா போ என்றே பேசு என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவான். மறுநாள் காலையில், “ஹெட்விக் அம்மா, படியில பனி வழுக்குது, உப்பு போட்டு வெக்கட்டுமா?” என்று வந்து நிற்பான்.

ஐம்பதை நெருங்கியபோது அவனுக்கு வலது முழங்கால் போய்விட்டது. கூரைக்காரனுக்கு முழங்கால் போனால் பிழைப்பே போனதாக அர்த்தம். இங்கே சட்டம் ஒன்று இருக்கிறது: வெளிநாட்டுக்காரன் வேலையில்லாமல் அரசாங்கப் பணத்தில் சாப்பிட ஆரம்பித்தால், இங்கே தங்குகிற அனுமதியைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடலாம். அவனுக்கு ஊரில் என்ன இருக்கிறது? சண்டையில் எரிந்துபோன வீட்டின் சுவர்தான் இருக்கிறது. குடியுரிமை வாங்கிவிட்டால் யாரும் அசைக்க முடியாது. ஆனால் அதற்கும் சம்பாதிக்கிறபோதே மனுப்போட வேண்டும். முழங்கால் இன்னும் ஓரிரண்டு வருஷம் தாங்கும் என்று டாக்டர் சொன்னார். அதற்குள் முடித்தாக வேண்டும்.

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டான். அந்தக் கேள்விகளை வாங்கி நானும் பார்த்தேன். பாதிக்கு எனக்கு விடை தெரியவில்லை. நான் இங்கே பிறந்தவள், என்னை யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்தது ஊர்க்குழுவின் நேர்காணல். தலைவர் ஓத்மார் ஸ்டாடெல்மன், பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துக் கணக்கு எழுதியவன். பக்கத்தில் தபால் ஆபீஸ் சில்வியா, பேசுகிறதையெல்லாம் குறித்துக்கொள்ள.

நேர்காணல் முடிந்த மறுநாள் ரொட்டிக் கடையில் ஓத்மாரைப் பிடித்தேன்.

“உன் ஃபெரிஸை நிறுத்தி வெச்சிட்டோம், ஹெடி.”

“ஏன், ஏதாவது ஏரி பேரை மறந்துட்டானா?”

“ஏரி, மலை, ஏழு மந்திரிங்க எல்லாம் தண்ணி பட்ட பாடா சொன்னான். ஊரைப் பத்திக் கேட்டதும்தான் மாட்டிக்கிட்டான். அலோயிஸைத் தெரியுமான்னா தெரியாதுங்கறான்.”

“அந்தக் குடிகாரனைத் தெரியாதா? ரோட்ல விழுந்து கெடந்தா தூக்கிட்டு வர்றதே இவன்தானேடா.”

“அதை விடு. எதிர்வீட்ல யாருன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“தெரியாதுன்னான். யாரோடயும் பழக்கம் இல்லைன்னான். ஊரோட ஒட்டாத ஆளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது, நீயே சொல்லு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்கிய ரொட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு நேரே ஃபெரிஸ் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நான் யாருன்னு தெரியாதாமே உனக்கு? உன் கல்யாணத்துக்கு அந்த உப்புப் பலகாரத்தையெல்லாம் வாயை மூடிக்கிட்டுத் தின்னேனே, அது யாரு? லும்னியே கீழ விழுந்து கையை முறிச்சுக்கிட்டப்ப ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டினது யாரு? பேயா?”

அவன் கையிலிருந்த கட்டையை மெதுவாகக் கீழே வைத்தான்.

“கோவிச்சுக்காதீங்க, ஹெட்விக் அம்மா. அவங்க பேனாவை எடுத்தாங்க.”

“யாரு?”

“சில்வியா அம்மா. ‘எதிர்வீட்ல யாரு?’ன்னு ஐயா கேட்டார், அவங்க பேனாவை எடுத்தாங்க. எனக்கு வாய் தானாவே தெரியாதுன்னு சொல்லிடுச்சு.”

அப்புறம்தான் சொன்னான். அவனுக்குப் பதினோரு வயதிருக்கும்போது வீட்டுக்குப் போலீஸ்காரர்கள் வந்தார்களாம். மரியாதையாகத்தான் பேசினார்கள். காபிகூடக் குடித்தார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது அவனுடைய சித்தப்பா வெள்ளை மனதோடு பேரைச் சொல்லிவிட்டார். அங்கே ஒரு வாத்தியார் இருந்தார். ஒருத்தன் அந்தப் பேரை எழுதிக்கொண்டான். சாயங்காலம் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவே இல்லை.

“அதுக்கப்புறம் சித்தப்பா யார்கிட்டயும் பேசறதில்ல. எங்க வீட்ல எல்லாரும் ஒண்ணு கத்துக்கிட்டோம். மேசைக்குப் பின்னாடி ஒக்காந்திருக்கறவன் அக்கம்பக்கத்தைப் பத்திக் கேட்டா, தெரியாது. அதுதான் நல்ல மனுஷன் சொல்ற பதில்.”

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போதே போய் ஓத்மாரிடம் சொல்கிறேன் என்று கிளம்பினேன். அவன் குறுக்கே வந்து நின்றான்.

“சொல்லாதீங்க. ஐயோ பாவம்னு அவங்க குடுத்து நான் வாங்க மாட்டேன். அடுத்த வசந்தத்துல திரும்பக் கூப்பிடுவாங்க. அப்ப நானே சொல்றேன்.”

“முழங்கால்?”

“அது பொறுத்துக்கும்.”

பொறுத்துக்கொள்ளவில்லை. குளிர்காலம் முழுக்க ஏணியில் ஒரு காலை வைத்து இன்னொரு காலை இழுத்துக்கொண்டு ஏறினான். சனிக்கிழமைகளில் என் சமையலறையில் பயிற்சி நடந்தது. நான் ஓத்மார் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பேன்.

“எதிர்வீட்ல யாரு?”

“ஹெட்விக் அம்மா.”

“எப்படிப்பட்டவ?”

“நல்லவங்க.”

“அது போதாது. வாயாடி, ரெண்டு பூனை வளர்க்கறா, காபியை வெந்நி மாதிரி போடுவா. சொல்லு.”

சிரித்துக்கொண்டே சொல்வான். நான் மளிகைச் சீட்டு எழுதுகிற பேனாவை எடுத்துத் தாளின் மேல் வைத்தால் போதும், முகம் வெளுத்து வாய் மூடிக்கொள்ளும். பேனாவை டிராயரில் போட்டால் மறுபடி பேசுவான். விளையாட்டுக்கு என்று நினைத்து ஒருநாள் பத்துத் தடவை எடுத்தும் வைத்தும் பார்த்தேன். கடைசியில் அவன் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். நான் போய்க் கூப்பிடவில்லை. ஒரு ஆப்பிள் அப்பத்தை மூடி அவன் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். அன்றைக்கே ஓத்மார் போன் போட்டான்.

“இந்த மனுஷனுக்கு என்ன குடுத்தே, ஹெடி? வீடு வீடா சொல்லிட்டான். கீழேர்ந்து மேல வரைக்கும் அந்தத் தெரு முழுக்க. யாருக்கு எத்தனை பசங்க, யாருக்கு என்ன வியாதி. உன்னைப் பத்தி மட்டும் ஒரு பக்கம். அலோயிஸ் குடிக்கறதை மட்டும் சொல்லல, தோட்டத்தை நல்லா வெச்சிருக்கார்னான்.”

“அவன் நல்லா இருந்தானா?”

“வேர்த்துக் கொட்டுச்சு. ரெண்டு தடவை தண்ணி கேட்டான். காய்ச்சலான்னு கேட்டேன், இல்லைன்னுட்டான். எப்படியோ, இப்பதான் ஊர்க்காரன் மாதிரி பேசறான். குழுவுல எல்லாரும் சரின்னுட்டோம்.”

ஜூன் மாத ஊர்க்கூட்டத்தில் கை தூக்குவது பாக்கி இருந்தது. குழு சரி என்றபின் ஹின்டர்மாட்டில் யாரும் கையைக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை, அப்போதும் உட்காரவில்லை. அவன் இனி எங்கேயும் போக வேண்டாம். அந்த வியாழக்கிழமை ஓத்மாரின் போனை வைத்துவிட்டு, ஒருத்தரும் பார்க்காததால், கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் காலை என் வாசல் மணி அடித்தது. ஃபெரிஸ் நின்றுகொண்டிருந்தான். வேலைக்குப் போகிற உடுப்பில் இல்லை. நேற்றைய கோட்டும் நேற்றைய சட்டையும்தான் போட்டிருந்தான். தூங்கியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“உங்க பேரைச் சொல்லிட்டேன்,” என்றான்.

“தெரியும்டா. அதுக்குத்தானே அத்தனை பாடு பட்டோம்.”

“அவங்க எழுதிக்கிட்டாங்க.” என்னை மேலும் கீழும் பார்த்தான். “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இருக்கீங்களா?”

கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

“இருக்கேன், பாரு,” என்றேன். “எங்கேயும் போகல.”

தலையை ஆட்டினான். படி இறங்கி அலோயிஸ் வீட்டுக்குப் போனான். மணி அடித்துவிட்டுக் காத்திருந்தான். அலோயிஸ் உள்பனியனோடு வந்து ஏதோ முனகினான். அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கே சமையலறை ஜன்னல் திறந்தது. அவன் கையை உயர்த்திவிட்டு அடுத்ததற்குப் போனான். நேற்று சொன்ன வரிசையிலேயே, காலை இழுத்துக்கொண்டு, மேட்டில் ஏறினான். ஒவ்வொரு வீட்டிலும் ஆள் தலை தெரிகிறவரை நகரவில்லை.

உச்சியில் காஸர் வீடு. மணி அடித்தான், யாரும் வரவில்லை. மறுபடி அடித்தான். ஜன்னலில் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு கதவைத் தட்ட ஆரம்பித்தான். தட்டுகிற சத்தம் என் வாசல்வரை கேட்டது.

வீட்டுச் செருப்போடு மேட்டில் ஓடினேன்.

“லுகானோ போயிருக்காங்க, ஃபெரிஸ். விடுமுறைக்கு. ஞாயித்துக்கிழமை வந்துடுவாங்க.”

“நீங்க பாத்தீங்களா, அவங்க போறதை?”

பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ரோஸ்லி காஸரைக் கூப்பிட்டு அவன் காதில் வைத்தேன். யார் கூப்பிடுகிறார்கள் என்றுகூடக் கேட்காமல் ரோஸ்லி ஆரம்பித்துவிட்டாள். ஓட்டல் மெத்தை சரியில்லை, ஒரே மழை, அவள் புருஷன் குடையை ரயிலிலேயே விட்டுவிட்டான். எனக்கே கேட்டது. ஃபெரிஸ் அவ்வளவையும் கடைசிவரை கேட்டான்.

“பேசறாங்க,” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தான். பிறகுதான் அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.