பெயருக்குப் பின்னால் வெறும் பி.எஸ்சி.

எங்கள் பூதலூர் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்றால் பெயரைவிடப் படிப்புதான் பெரிதாக இருக்க வேண்டும். அரியர் வைத்திருப்பவன்கூட பி.இ. என்று கூசாமல் போட்டுக்கொள்வான். படித்த படிப்பைப் பாதியாக வெட்டிப் போட்டது, எனக்குத் தெரிந்து, கயல்விழியின் பத்திரிகையில் மட்டும்தான்.

கயல்விழி தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. நர்ஸ். அப்பா மருதையன் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய், பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்து அவளைப் படிக்க வைத்தவர். ஊரில் யாருக்குக் காய்ச்சல், பிரஷர் என்றாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "நீ தெய்வம்மா" என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தால் அதே வாய், "நல்ல பொண்ணுதான், ஆனா நைட் டூட்டியெல்லாம் போகும்..." என்று இழுக்கும். அந்த இழுவையிலேயே வரன்கள் திரும்பிப் போயின. தெய்வம் ராத்திரியில் வேலை பார்க்கக் கூடாது போலிருக்கிறது.

ஒரத்தநாட்டிலிருந்து வந்த பரிதி வீட்டார் மட்டும் யாரிடமும் விசாரிக்கவில்லை. வந்த அன்றே பிடித்திருக்கிறது என்றார்கள். பரிதிக்குச் சென்னையில் கம்பெனி வேலை. அவன் அப்பா அண்ணாதுரைக்குச் சர்க்கரை, வலது காலில் ஆறாத புண்.

பத்திரிகையின் மாதிரி வாட்ஸ்அப்பில் வந்த அன்று பரிதியின் அம்மா ராமாயி போன் செய்தார்.

"அந்த நர்சிங்கை மட்டும் எடுத்துடலாம்மா. பி.எஸ்சி.ன்னு இருந்தா போதும். சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்க."

"நான் நாலு வருஷம் படிச்சதே அதுதானே அத்தை?"

"யாரு இல்லேன்னு சொன்னா? இனிமே வேலைக்கும் போக வேணாம்மா. மாமா காலுக்கு நீ கட்டு மாத்திவிட்டாலே எங்களுக்குப் பெரிய உதவி."

கயல்விழிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்ப உங்களுக்கு நர்ஸ் வேணும், நர்ஸ்ங்கிற பேரு மட்டும் வேணாம். அப்படித்தானே?"

ராமாயி போனை வைத்துவிட்டார்.

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் பக்கத்தில் நின்ற மருதையனின் முகம் செத்துப்போயிற்று. மண்டபம் பேசியாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. "ஒரு வார்த்தைதானேம்மா" என்றவர் விசும்ப ஆரம்பித்தார். அவர் அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அழுகிற அப்பாவை என்ன செய்வது? பரிதியைக் கூப்பிட்டாள். "பத்திரிகையில என்ன இருக்கு, விடு" என்றான் அவன். கடைசியில் அவளே ராமாயியிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வேலையை விட்ட அன்று வார்டில் பத்திரிகை கொடுத்தாள். சீனியர் ஷமா அக்கா அதை வாசித்துவிட்டு, "எம் பொண்ணு ஸ்கூல்ல எங்கம்மா ஹவுஸ்வைஃப்னுதான்டி சொல்லி வச்சிருக்கா" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

கல்யாண மேடையில் யாரோ ஒரு அம்மாள், "பொண்ணு என்ன பி.எஸ்சி.?" என்று கேட்டார். "கெமிஸ்ட்ரி" என்றார் ராமாயி, கொஞ்சமும் தயங்காமல்.

தாலி ஏறியதும் பெரியவர்கள் காலில் விழ வேண்டும். அண்ணாதுரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டிக்குக் கீழே கட்டுப் போட்ட கால். குனிந்ததுமே வாடை வந்தது. பாதத்தைத் தொட வேண்டிய கை தானாகக் கட்டுக்கு மேலே போய் அழுத்திப் பார்த்தது. கால் கொதித்தது.

"அத்தை, சீழ் உள்ள ஏறியிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். லேட் பண்ணா காலையே எடுக்க வேண்டி வரும்."

ராமாயி சிரித்த முகம் மாறாமல் குனிந்தார். "மெதுவா பேசும்மா. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. சாயங்காலம் நீயே கட்டு மாத்திடு."

கயல்விழி எழப் போனாள்.

"மேடம், எந்திரிக்காதீங்க" என்று போட்டோகிராபர் கத்தினான். "கால்ல கை வச்ச மாதிரியே இருங்க. மாமனார் சார், ஆசீர்வாதம் பண்ணுங்க. சூப்பரா இருக்கு!"

கட்டின் ஈரம் அவள் விரலில் ஏறியது. கயல்விழி அப்படியே இருந்தாள்.